பூனைமீசைக்கு என்ன ஆச்சு? நிழல் தோட்டத்தில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வேலூரை அடுத்த காட்பாடியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு வேம்பு, ஒரு மாமரம். இரண்டும் சேர்ந்து ஒன்றரை சென்ட் இடத்தை நிழலாக்கிவிட்டன. புல்கூட ஒழுங்காக முளைக்காத அந்த இடத்தில் ஆறு வருடமாகப் பூனைமீசை வளர்க்கிறேன். புதினா, துளசி, தும்பை, பேய்மிரட்டி எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் இதுவும். தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினால் நாலு பட்டை தட்டுப்படும். இந்தியாவில் தொடங்கி, தென்கிழக்கு ஆசியா வழியாக, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு வரை இயல்பாக வளர்கிற செடி. வெள்ளைப் பூவிலிருந்து மகரந்தக் காம்புகள் இதழைத் தாண்டி நீளமாக நீட்டிக்கொண்டு நிற்கும். பெயர் வந்தது அதனால்தான்.

அழகுக்காக நான் இதை வைக்கவில்லை. முன்பக்க வெயிலில் இலவம்பாடி முள்ளுக்கத்திரி போட்டிருந்தேன். பூ நிறைய வந்தது, காய் சரியாகப் பிடிக்கவில்லை. கத்திரிப் பூவின் மகரந்தப் பை மற்ற பூக்களைப் போல வெடித்துத் திறக்காது. நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். யாராவது பூவைப் பிடித்து உலுக்கினால் மகரந்தம் உப்புத் தூவுகிற மாதிரி கொட்டும். தேனடை கட்டும் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. நீலவரித் தேனீயும் கருவண்டும் (மரத்தைத் துளைக்கிற பெரிய கறுப்புத் தேனீ) பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்கும். அந்த நீலவரித் தேனீ வருடம் முழுக்க நம் வீட்டைச் சுற்றி வரவேண்டுமென்றால் அதற்குத் தேன் வேண்டும். குழல் நீளமான புதினாக் குடும்பப் பூக்கள் அதன் நீள நாக்குக்குப் பொருத்தம். நிழலிலும் பூக்கிற புதினாக் குடும்பம் எது என்று தேடித்தான் பூனைமீசைக்கு வந்தேன்.

கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்தில் குச்சி வாங்கிப்போனவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். "அக்கா, வாடிப்போச்சு", "அக்கா, பூவே இல்ல." அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று விஷயம் பாருங்கள்

உரமோ மருந்தோ கையில் எடுப்பதற்கு முன்னால், மண்ணில் நடுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். ஈரமா, காய்ந்திருக்கிறதா? அப்புறம், காலை 8 மணி, உச்சிப்பொழுது, மாலை 4 மணி என மூன்று வேளை போய்ச் செடிமேல் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நான் பார்த்த பத்துச் செடியில் ஏழெட்டுக்குக் காரணம் இந்த மூன்றுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. பூச்சி, நோய் எல்லாம் பெரும்பாலும் பிறகு வந்து சேர்கிறவை.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடி நிற்கிறது

மத்தியானம் மட்டும் தொங்கி, ஆறு மணிக்குமேல் நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். பங்குனி, சித்திரையில் இலை பெரிதாக இருக்கிற எந்தச் செடியும் அப்படித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

காலையிலும் வாடியே இருந்தால்தான் பிரச்சினை. புதினாக் குடும்பம் என்றதும் நாம் புதினாவுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிடுகிறோம். நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து மரம் கழிக்க வந்த ஒரு பெரியவர் பாத்தியைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாமா, காலையிலயும் ஊத்தறீங்க, சாயந்திரமும் ஊத்தறீங்க. அது மூச்சு வுடறது எப்போ?" சரியான கேள்வி. நிழலில் மண் சீக்கிரம் காயாது. வேர் காற்றில்லாமல் அழுகும். அழுகின வேர் தண்ணீர் எடுக்காது. அதனால் தண்ணீருக்கு நடுவிலேயே செடி தாகத்தில் வாடும்.

ஒரு செடியைப் பக்கவாட்டில் தோண்டி எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, இழுத்தால் அறாமல் இருக்கும். அழுகின வேரின் மேல்தோல் விரலோடு உருவிக்கொண்டு வரும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் வேரோடு போராடாதீர்கள். நுனியில் பச்சையாக இருக்கும் தண்டை வெட்டிப் புதிதாக நட்டுக்கொள்வதுதான் நல்லது. பழைய குழியில் மண்ணைக் கிளறி, மூன்றில் ஒரு பங்கு மணலும் நன்றாக மக்கின தொழுவுரமும் கலந்து, பாத்தியைத் தரையைவிட நாலு விரல் உயர்த்திக் கட்டுங்கள். தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) கலந்து ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து போட்டால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு விரல் சொல்லும்போது மட்டும் தண்ணீர். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பத்து, பதினைந்து நாள் குடத்தைத் தொடவே வேண்டியதில்லை.

வேர் அழுகவில்லை, ஆனால் வேரில் கடுகும் மிளகுமாய் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா? அது நூற்புழு. கத்திரி, தக்காளி போட்டு ஓய்ந்த மண்ணை எடுத்து வந்து நிரப்பினால் கூடவே வந்துவிடும். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், குப்பைக் குழியில் போடவேண்டாம். அந்த இடத்தில் வேப்பம்புண்ணாக்கு போட்டு, துலுக்கச் சாமந்தி ஒரு பருவம் வளர்த்துவிட்டு அப்புறம் நடுங்கள். சாமந்திக்கு வெயில் வேண்டும் என்பதால், அடர்ந்த நிழலாக இருந்தால் மண்ணையே மாற்றிவிடுவது சுலபம்.

இலையின் ஓரம் பழுப்பாகிக் காய்கிறது

இதற்கு இரண்டு காரணம் உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், மருந்து வேறு வேறு.

இலை ஓரம் மட்டும் கோடு போட்ட மாதிரி காய்கிறது, கீழ் இலைகளில் முதலில் வருகிறது, மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்றால் அது உப்பு. நம் ஊர் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்த கதை. அந்தப் பக்கத்துக்காரர்கள் தண்ணீரைச் சோதித்துவிட்டே தோட்டம் போடுங்கள்.

ஆனால் அதைவிட அடிக்கடி நான் பார்ப்பது ஆர்.ஓ. கழிவுநீர். அத்தனை தண்ணீர் வீணாகிறதே என்று மனது கேட்காமல் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த வாளியில்தானே சேர்ந்திருக்கிறது? என் வடக்குப் பாத்தியில் பன்னிரண்டு செடிகள் ஒரு கோடையில் இப்படித்தான் போயின. தண்ணீர் ஊற்ற ஊற்றக் காய்ந்தன. மண்ணைக் கையில் எடுத்தபோது மேல் அரை அங்குலம் அப்பளம் மாதிரி உடைந்தது. அன்றிலிருந்து அந்த வாளி கழிவறைக்கும் வாசல் கழுவவும் மட்டும்தான்.

சரிசெய்ய, மேல்மண் ஓர் அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். நல்ல தண்ணீரை மெதுவாக, நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். தொட்டியாக இருந்தால் அடித்துளை வழியே ஓடும்வரை மூன்று முறை. மழைநீர் கிடைத்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எல்லா வீட்டிலும் குழாய் வைத்தோம். அந்தக் குழாய் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒரு டிரம் வைத்தால் போதும். மாமரச் சருகை மூடாக்காகப் போட்டால் ஈரம் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

இரண்டாவது காரணம் வெயில். இலையின் நடுவிலும் வெளுத்த திட்டு, மேல் இலைகளிலேயே அதிகம், வெயில் படும் பக்கம் மட்டும் என்றால் அது கருகல். "நிழலில்தானே வைத்தேன்?" என்று எல்லோரும் கேட்பார்கள். நிழல் வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை. வேம்பு மாசி, பங்குனியில் இலையுதிர்த்துவிடும். வெயில் ஏறுகிற நேரமாகப் பார்த்துக் குடையை மடக்குகிற மரம் அது. மாமரம் அப்படிச் செய்யாது.

சுவர் நிழலை நம்பி நட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வேலூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 25 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, அதன்பின் ஆகஸ்ட் 18 வாக்கு வரைக்கும் வடக்குப் பக்கம் சாய்ந்தே போகும். மார்கழியில் வீட்டின் வடக்குச் சுவரோரம் சில்லென்று நிழலாக இருக்கும். அதை நம்பி நட்டால் கத்திரி வெயிலில் அதே இடத்தில் காலையும் மாலையும் சரிந்த வெயில் விழும், சுவரின் சூடும் சேரும். இப்படிப்பட்ட இடத்தில் மாசிக் கடைசியிலேயே 50 சதவீத நிழல்வலை கட்டி, ஆடிக்குப் பிறகு கழற்றிவிடுங்கள். செடியின் மேலேயே போர்த்தவேண்டாம், இரண்டடி உயரத்தில் காற்றுப் போக இடம் விட்டுக் கட்டவேண்டும். கருகின இலையை உடனே கிள்ளாதீர்கள். அது கீழே இருக்கும் இலைக்கு நிழல்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச் சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்புத் தன்மையுள்ள தண்ணீர் தொடர்ந்து விட்டால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மண்ணில் கொட்டினால் அதுவும் பூட்டிக்கொள்ளும். 1 லிட்டர் தண்ணீரில் 3 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, வடிகட்டி, இலையில் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. பழைய இலை மட்டும் மஞ்சளானால் இது இல்லை, தழைச்சத்துக் குறைவு. ஒரு கை மண்புழு உரம் போதும்.

நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது, பூ இல்லை

கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளியைப் பாருங்கள். நாலு விரலுக்கு மேல் போனால் வெளிச்சம் பற்றவில்லை. நிழல் விரும்பும் செடி என்றால் இருட்டு விரும்பும் செடி என்று பொருளில்லை. காட்டோரத்தில் மரக்கிளை அசையும்போது விட்டுவிட்டு விழுகிற வெயில்தான் இதற்குப் பழக்கம். வேம்பின் நிழல் அப்படிப்பட்டது. மாமரத்தடி, அதுவும் தரை வரை கிளை தழைந்த மாமரத்தடி, ரொம்பக் கனமான நிழல். அங்கே இலை மட்டும் வரும். மாங்காய் பறித்து முடித்தபின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, மூன்று, நாலு மணிநேரம் இளவெயில் எட்டும்படி செய்யுங்கள். அது முடியாத இடமென்றால் செடியை நகர்த்துவதுதான் வழி. உரம் போட்டால் இன்னும் நெட்டையாகும்.

வெளிச்சம் சரியாக இருந்தும் சாய்ந்தால் கவாத்து செய்யவில்லை என்று அர்த்தம். பூக்காம்பு வாடினதும் இரண்டு கணுவுக்குக் கீழே வெட்டுங்கள், வெட்டின இடத்தில் இரண்டு தளிர் வரும். வருடத்துக்கு ஒருமுறை, ஆடியில் முதல் மழை நனைத்ததும், முழுச் செடியையும் ஒரு முழ உயரத்துக்கு இறக்கிவிடுகிறேன். மனது கஷ்டமாகத்தான் இருக்கும். ஐப்பசியில் அது பூத்து நிற்கும்போது ஆறிவிடும்.

பூ வராததற்கு எங்கள் தெருவில் இன்னொரு காரணமும் உண்டு. எதிர்வீட்டுப் பெரியம்மா சிறுநீர்க்கல்லுக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகத் தளிர் பறித்துப்போனார். பூ வருவது நுனியில். நுனி போனால் பூ போச்சு. "பெரியம்மா, உங்களுக்கென்று அந்த மூலையில் நாலு செடி வைக்கிறேன், அதில் பறியுங்கள்" என்று சொல்லி நட்டுக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் நிம்மதி. கூடவே ஒன்று சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்: இது சிறுநீரைப் பெருக்கும் மூலிகை என்று பல நாடுகளில் கஷாயமாகக் குடிக்கிறார்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவேண்டாம்.

இலையில் பூச்சி, புள்ளி, மாவு

இலை வெளுத்துச் சுருள்கிறதா, அடிப்பக்கம் மைத்துளி தெறித்த மாதிரி கரும்புள்ளிகளா? லென்ஸ் வைத்துப் பார்த்தால் எள்ளளவில், சல்லடை போன்ற இறக்கையோடு பூச்சிகள் உட்கார்ந்திருக்கும். துளசியில் வருகிற அதே பூச்சிதான், பக்கத்தில் துளசி மாடம் இருந்தால் அங்கேயும் பாருங்கள். புள்ளிகள் அதன் எச்சம். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கம் பீய்ச்சி அடியுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை. மோசமான இலைகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

தண்டு இடுக்கில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருந்தால் எறும்பும் கூடவே ஏறும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்துவிட்டால் போதும். இலை மடிந்து நூலால் தைத்தமாதிரி இருந்தால் உள்ளே புழு. விரலால் நசுக்கலாம். மார்கழி, தையில் இலைமேல் விபூதி பூசின மாதிரி வந்தால் சாம்பல் நோய். நெருக்கமாக நின்ற தண்டுகளைக் களைந்து காற்றோட்டம் கொடுத்தால் பாதி சரியாகும்.

வேப்பெண்ணெய் எனக்குக் கடைசி வழி. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலோடு. பூத்த தண்டில் அடிக்கக் கூடாது. பொழுது சாய்ந்தபின் அடிக்கச் சொல்வார்கள், தேனீ வராத நேரம் என்று. அதற்கும் முன்னால் செடியைச் சுற்றியுள்ள காய்ந்த குச்சிகளைப் பார்த்துவிட்டு அடியுங்கள். ஏன் என்று கீழே வருகிறேன். கடையில் விற்கும் ரசாயன மருந்து இந்தப் பாத்திக்குள் வரவே கூடாது. விருந்துக்குக் கூப்பிட்டவர்களுக்கு விஷம் வைக்கிற வேலை அது.

குச்சி நட்டால் பிடிக்கவில்லை

பூத்த தண்டை வெட்டியிருப்பீர்கள். பூக்காத, பென்சிலைவிட மெல்லிய தண்டில் நாலு கணு வைத்து வெட்டி, கீழ் இரண்டு கணு இலையை எடுத்துவிட்டு, அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேர் விடும். இழுத்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள். ஆடி, ஆவணி நல்ல காலம். சித்திரையில் முயற்சி செய்யவேண்டாம்.

செடி நன்றாகப் பூக்கிறது, பூச்சி மட்டும் வரவில்லை

என்னை அதிகம் வருத்தின அறிகுறி இதுதான். முதல் இரண்டு வருடம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், சுற்றிச் சத்தமே இருக்காது.

ஒரு காரணம், செடிகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்திருந்தேன். ஒற்றைச் செடிக்காகத் தேனீ மெனக்கெட்டு வராது. ஒன்றரை அடி இடைவெளியில் பத்து, பன்னிரண்டு செடிகளை ஒரே திட்டாக வைத்தபின் வரத்து கூடியது. நிழல் முடிந்து வெயில் தொடங்குகிற விளிம்பில் தும்பையும் பேய்மிரட்டியும் தானாக முளைத்தவற்றை விட்டுவைத்தேன். வெயிலில் மேய வருகிறவை அப்படியே நிழலுக்குள்ளும் எட்டிப்பார்க்கும்.

முக்கியமான காரணம் இடம். நீலவரித் தேனீ கூட்டமாகக் கூடு கட்டாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக மண்ணில், மண்சுவரில், சுண்ணாம்பு உதிர்ந்த சந்தில் வளை தோண்டி முட்டையிடும். நம் வீடுகளில் முற்றம் முழுக்க சிமென்ட், மிஞ்சின இடத்தில் டைல்ஸ். பூ வைத்தோம், குடியிருக்க ஓரிடம் வைக்கவில்லை. காம்பவுண்டு சுவரோரம் ஆறடி நீளத்துக்கு மூடாக்கு, செடி, தண்ணீர் எதுவுமில்லாமல் வெறும் செம்மண்ணாக விட்டேன். அடுத்த ஆவணியில் அங்கே பென்சில் நுழைகிற அளவில் துளைகள். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒன்றிலிருந்து மண் துகள் வெளியே வந்து விழுந்தது.

அப்புறம் அந்தக் காய்ந்த குச்சி. ஆண் தேனீக்களுக்கு வளை கிடையாது. பொழுது சாய்ந்ததும் காய்ந்த தண்டிலோ கொடியிலோ வரிசையாக வந்து, தாடையால் குச்சியைக் கவ்விக்கொண்டு அப்படியே தூங்கும். நான் தோட்டம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று பூத்து முடிந்த தண்டுகளையெல்லாம் தரையோடு வெட்டிக்கொண்டிருந்தேன். அவற்றின் படுக்கையைத்தான் வெட்டியிருக்கிறேன் என்று தெரிந்தபின், ஓரத்தில் ஐந்தாறு காய்ந்த தண்டுகளை அப்படியே விட்டுவைக்கிறேன். போன கார்த்திகையில் ஒரு சாயந்திரம் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரே குச்சியில் ஒன்பது. கால்களைத் தொங்கவிட்டு, வயிற்றில் நீல வரி மின்ன, ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடம் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் ஒன்று மட்டும் பின்காலை அசைத்தது. டார்ச்சை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.